கிழிந்த வலையின் பயன்கள்

தருவைகுளத்திலிருந்து தூத்துக்குடிக்கு வரும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உப்பளங்களில் பட்ட சாயங்கால வெயில் கண்ணைக் கூச வைத்தது. கண்ணை மூடப் போனவன், இளைய டீச்சர் சொன்னதைக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இன்னைக்கு பிள்ளைகளுக்குக் கற்பனை நல்லா வந்துச்சுக்கா. நேத்தே போர்டுல எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண வச்சிருந்தேன்.”

“கற்பனையவா?”

“ஆபீசர் வாராருன்னு சொன்னாங்கள்லா. கிழிஞ்ச வலையை வேற எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்னு கேள்வி. பாகல் பந்தல், கோழிக்கு அடைப்பு, ஊஞ்சல். எல்லாரும் ஒண்ணு விடாம ஒப்பிச்சிட்டாங்க. அவருக்கு ரொம்ப சந்தோசம்.”

“பெறகு மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“ஒருத்தி மட்டும் கையைத் தூக்கி, ‘வலை எங்கன கிழிஞ்சிருக்கு டீச்சர்?’னு கேக்கா. கொஞ்சமா கிழிஞ்சிருந்தா தைச்சு மறுபடி கடலுக்கே கொண்டு போலாம்லா, அதைப் போயி கோழிக்கு அடைக்கணுமாங்கா.”

“நல்லாத்தான கேட்டிருக்கா. நீ என்ன சொன்ன?”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு உட்கார வச்சிட்டேன்.”

மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பினார்.

“சரி, அந்த வலையை என்ன செய்யலாம்னு நாளைக்கு நீயே அவகிட்ட திரும்பக் கேளு.”

“ஆபீசர் போனதும் கேட்டேன்க்கா. எந்திரிச்சு நின்னு, பாகல் பந்தல், கோழிக்கு அடைப்பு, ஊஞ்சல்னு சொல்லுதா.”