பஸ்ஸைப் பிடிக்க ஓடாதவள்

கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"எனக்காக நிப்பாட்டாதீகன்னு இந்த பஸ்காரகளுக்குப் புரியவைக்கவே ஒரு மாசமாச்சு மதினி."

"ஏன்டி?"

"மாரத்தானுக்கு விடியக்காலம் ஓடிப் பழகுறேன்ல? பஸ்ஸ விட்டுட்டு ஓடுறேன்னு நெனச்சு தெனமும் நிப்பாட்டிருவாக. ஏறலைன்னா கோவிச்சுக்கிருவாக."

"பெறகு?"

"ஒரு வழியா வெளங்கிருச்சு. நேத்து பதினெட்டாவது கிலோமீட்டர்ல கால் பிடிச்சுக்கிருச்சு. இதே பஸ்ஸு வந்துச்சு. நான் நிப்பாட்டச் சொல்லிக் கையக் காட்டுறேன், கண்டக்டரு 'விடாத தாயி, ஓடு!'ன்னு கையசைச்சுட்டுப் போயிட்டாக."

"அடப்பாவமே! என்ன செஞ்ச?"

"என்ன செய்ய? நொண்டி நொண்டி ஓடுனேன். மொத தடவையா இருபது கிலோமீட்டரத் தாண்டிட்டேன் மதினி!"

டிக்கெட் போட வந்த கண்டக்டர் அவளைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன தாயி, இன்னைக்கு லீவா?"