மாறனுக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை

குடிக்கிறதா? மாறனா? அய்ய, இல்லைங்க மேடம். ரெண்டாவது டீ குடிச்சாலே ராத்திரி தூக்கம் வராம பொரளுற ஆளு அவன். ஈகிள்ஸ் பாஸ்கெட்பால் டீம்ல இருந்து பிசியோ மேடம் வந்திருக்காங்க, மாறனோட அக்கா கடை எதுன்னு கேக்குறாங்கன்னு ஆட்டோ ராஜா ஓடியாந்து சொன்னதும் கரண்டியைப் போட்டுட்டு ஓடியாந்தேன். காலு கீலு ஒடிச்சுக்கிட்டானோன்னு நெனச்சுட்டேன். நீங்க என்னடான்னா மாசத்துல ஒரு ராத்திரி ரூம்ல ஆளே இல்ல, எங்க போறான், குடிக்கிறானான்னு கேக்குறீங்க. மொதல்ல உக்காருங்க. இப்படி இந்த ஃபேனுக்குக் கீழ வாங்க, இது ஒண்ணுதான் சுத்தும். மத்தது சும்மா தொங்குது.

அவனுக்காகக் கோச் சார்கிட்ட பேசணும், அதுக்கு ஒரு காரணம் வேணும்னுதான் வந்தேன்னு சொல்றீங்க பாருங்க, அதுக்கே உங்களைக் கையெடுத்துக் கும்புடணும். ஞாயித்துக்கெழமை மேட்ச் முடிஞ்சதும் அடுத்த சீசனுக்கு யாரு இருக்கணும், யாரு மூட்டை கட்டணும்னு முடிவு பண்ணிடுவாங்களாமே. மாறன் போன்ல சொன்னான். மழை வர்ற மாதிரி இருக்குதுக்கான்னு சொல்ற மாதிரி சொல்றான் படுபாவி. எனக்கு அன்னிக்கு மாவுல உப்பு போட்டேனா இல்லையான்னே தெரியல. சாப்பிட வந்தவங்க எல்லாரும் மூஞ்சியச் சுளிச்சதும்தான் தெரிஞ்சுது, ரெண்டு தடவை போட்டிருக்கேன்.

எங்க போறான்னு கேட்டீங்க. சொல்றேன், இருங்க. இந்த கிரைண்டர் சத்தம் நிக்கட்டும். நாளைக்குப் பௌர்ணமி இல்லையா, மாவு ஜாஸ்தி வேணும். இன்னிக்கே ஜனம் வந்து எறங்குது பாருங்க ரோட்டுல.

அந்த டிவியை மாட்டினது நான்தான் மேடம். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். தம்பி ஆடறதை நாலு பேரு பாக்கட்டும்னு ஆசைப்பட்டு மாட்டினேன். இப்ப என்னா ஆச்சு? மேட்ச் அன்னிக்கு ஒரு செட் இட்லி சொல்லிட்டு ஆட்டம் முடியற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்து என் தம்பியைத் திட்டறானுங்க. கேட்டா திட்டலியாம், யோசனை சொல்றாங்களாம். நேரா திட்டித் தொலைச்சாக்கூட நானும் பதிலுக்கு ரெண்டு திட்டிட்டு அடுப்பைப் பாக்கப் போயிடுவேன். யோசனை சொல்றவங்களை என்னாங்க பண்றது?

ராமதாஸ் சார்னு ஒருத்தரு வருவாரு. வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ்ல வேலை பாத்து ரிடையர் ஆனவரு. மாறன் டிஃபென்ஸ் ஆடும்போது முட்டியை மடக்கறதே இல்லையாம். எப்படி மடக்கணும்னு நான் காட்டறேன் பாருங்கன்னு எந்திரிச்சாரு. கையில காபி டம்ளரு வேற. குனிஞ்சாரு, அப்படியே நின்னுட்டாரு. இடுப்பு புடிச்சுக்கிச்சு. நானும் ராஜாவும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு பெஞ்சுல உக்கார வெச்சோம். உக்காந்ததும் வலியோடவே சொல்றாரு, பாத்தியாம்மா, இந்த அளவுக்கு மடக்கணும், உன் தம்பிகிட்ட சொல்லு. நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு அழுகை வந்துச்சு.

ராஜா வேற மாதிரி. பால் கைக்கு வந்தா எவனுக்கும் குடுக்கக் கூடாதுங்கறான். நம்மாளு ரொம்ப நல்லவனா இருக்கான்க்கா, பாஸ் பண்ணிப் பண்ணியே பேரு எடுக்காம போறான்க்காங்கறான். ஒரு தடவை மேட்ச் பாக்க சென்னைக்குப் போனப்ப, கால்ல தெம்பு வரட்டும்னு ஆட்டுக்கால் சூப்பு வெச்சுத் தூக்குல ஊத்தி எடுத்துட்டுப் போயிருக்கான். கேட்ல செக்யூரிட்டி உள்ள விடல. அத்தனையையும் வாசல்ல நின்னு இவனே குடிச்சுட்டுப் போயிருக்கான். அன்னிக்கு மாறன் ஆடினானோ இல்லியோ, இவன் போட்ட கூச்சல்ல இவன் மூஞ்சி டிவியில வந்துச்சு.

அப்பறம் ஏகாம்பரநாதன் குருக்கள். பெரிய கோயில்ல இருக்காரு. கடையில பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டாரு, ஆனா மேட்ச் அன்னிக்கு வாசல்ல ஸ்கூட்டரை நிறுத்திட்டு எட்டிப் பாத்து ஸ்கோர் கேப்பாரு. அவரு சின்ன வயசுல ஸ்கூல் டீம்ல ஆடினவராம். பையன் ஃப்ரீ த்ரோவுக்கு அவசரப்படறான், பாலை ரெண்டு தடவை தரையில தட்டிட்டு நிதானமா போடச் சொல்லும்மான்னுட்டு ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிடுவாரு.

எல்லாரும் சொல்லும்மா, சொல்லுக்கா, சொல்லுக்கா. நான் என்னா தபால் ஆபீஸா? மொதல்ல எல்லாத்தையும் அவன்கிட்ட சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். டேய், முட்டியை மடக்கணுமாம், பாஸ் பண்ணக் கூடாதாம், ரெண்டு தடவை தட்டணுமாம். அவனும் பொறுமையா சரிக்கா சரிக்கான்னு கேட்டுக்குவான். ஒருநாளு, எனக்கு ஒரு கோச் போதும்க்கா, கடை பூரா கோச்சா இருந்தா நான் எங்க போவேன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். அன்னியிலருந்து நான் எதையும் சொல்றதில்ல. இவங்க கேட்டா, சொல்லிட்டேன்னு பொய் சொல்லிடறேன்.

யூடியூப்ல எழுதறவங்க இன்னும் மோசம் மேடம். மாறனை உக்கார வைங்க, மாறனுக்கு வயசாயிடுச்சு. இருபத்தஞ்சுல என்னாங்க வயசு? ஒருத்தன், இவன் காசு வாங்கிக்கிட்டுதான் கடைசியில சொதப்பறான்னு எழுதியிருந்தான். உங்க வீட்டுல சோறுதான் திங்கிறீங்களான்னு எழுதிப் போட்டேன். அதுக்குக் கீழ அறுபது பேரு சிரிக்கிற பொம்மை போட்டிருக்கானுங்க. அதுல நம்ம ராஜாவும் ஒருத்தன். கேட்டா, நீ எழுதினது நல்லா இருந்துச்சுக்கா, அதான் சிரிச்சேங்கறான்.

நானும் சும்மா இல்ல, மறைக்கறதுக்கு என்னா இருக்குது. நானும் இந்தக் கரண்டியோட நின்னு கத்துவேன். அவன் பின்னாடி ஒருத்தன் வர்றது எனக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியலன்னா எரிச்சலா இருக்காதா? போன மாசம் அந்த மேட்ச்சுல நீங்களும் அங்கதான இருந்தீங்க. ஒரே ஒரு பாயிண்ட் கம்மி, கடைசியில இவனுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. கடையில ஒருத்தன் மெல்லல, முழுங்கல. நான் தோசையைத் திருப்பாம நிக்கறேன். மொத பாலு ரிங்குக்கு முன்னாடியே விழுந்துடுச்சு. ரெண்டாவதும் அப்படியே. தோசை கருகிப் பொகை வந்தது யாருக்கும் தெரியல.

அப்பறம் ஆரம்பிச்சாங்க பாருங்க. மணிக்கட்டு சரியில்லன்னாரு ராமதாஸ் சாரு. தைரியம் பத்தலன்னான் ராஜா. கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்னு ஒரு அம்மா, பார்சல் வாங்க வந்தவங்க, அவங்களும் ஒரு யோசனை சொல்லிட்டுப் போனாங்க. நான் உள்ள போயி பாத்திரத்தை உருட்டிக்கிட்டு நின்னேன்.

என்னா சொன்னீங்க? ஆமாங்க, அதேதான். கால்ல தெம்பு போயிடுச்சுன்னா பாலு ஷார்ட்டாதான் விழும். இத்தனை பேருல ஒருத்தரும் அதைச் சொல்லல, நீங்கதான் சொல்றீங்க. அவன் பாதத்தைப் பாத்தீங்களா? கொப்புளம் இருந்துச்சா? ஷூ கடிச்சுதுன்னு சொன்னானா? அந்தக் கழுதைக்குப் பொய் சொல்லக்கூட ஒழுங்கா வராது.

சரி. கிரைண்டரும் நின்னுடுச்சு. சொல்லிடறேன்.

மாசாமாசம் பௌர்ணமிக்கு இங்க வந்து மலையைச் சுத்திட்டுப் போறான் மேடம். செருப்பு இல்லாம. சாயந்திரம் பிராக்டிஸ் முடிஞ்சதும் உங்க யாருகிட்டயும் சொல்லாம பஸ் ஏறிடுவான். பௌர்ணமி பஸ்ல உக்கார எடம் கெடைக்குமா, சென்னையிலருந்து நின்னுக்கிட்டே வருவான். ஜனத்தோட ஜனமா சுத்தி முடிச்சு, கோபுரத்தைக் கும்புட்டுட்டு, இங்க வந்து ரெண்டு இட்லியை முழுங்கிட்டு விடியறதுக்குள்ள திரும்பவும் பஸ்ஸு. யாரும் கண்டுக்கக் கூடாதுன்னு மூஞ்சில கைக்குட்டை கட்டிக்குவான். அந்த ஒசரத்தை எந்தக் கைக்குட்டை மறைக்கும்? பௌர்ணமியை ஒட்டி மேட்ச் வந்துச்சுன்னா மொதப் பாதி எப்படியோ சமாளிச்சுடுவான், கடைசியில கால் நிக்காது. மத்த நாள்ல பாருங்க, பறப்பான். உங்ககிட்ட சொன்னா அனுப்ப மாட்டீங்கன்னுதான் சொல்லல.

எதுக்குச் சுத்தறானா? வேண்டுதல்தான், வேற என்னா. அவனுது இல்ல. என்னுது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்க டீம்ல ஆள் எடுக்கறாங்கன்னு அவன் சென்னைக்குப் போயிருந்தான் இல்ல, அன்னிக்குக் காலையிலருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கடையைச் சாத்திட்டுக் கோயிலுக்குப் போயி நின்னேன். மத்தவங்க மொட்டை போடறேன், மாவிளக்கு போடறேன்னு வேண்டிக்குவாங்க. எனக்கு அதெல்லாம் பத்தாதுன்னு தோணுச்சு. இந்த எடத்தை மட்டும் வாங்கிக் குடு, என் தம்பி மாசாமாசம் பௌர்ணமிக்குத் தன் காலால நடந்து உன்னைச் சுத்தி வருவான்னு வேண்டிட்டேன். காலை நம்பிப் பொழைக்கிற புள்ள. நான் அந்தக் காலையே கொண்டு போய்க் காணிக்கையா வெச்சிருக்கேன் பாருங்க. எடம் கெடைச்சுது. நான் சொன்னதும் அவனும் மறுபேச்சு பேசாம வந்து சுத்தினான். அப்ப இனிப்பாதான் இருந்துச்சு. எந்த எடத்துக்காக வேண்டினேனோ அந்த எடத்துக்கே இப்ப உலை வைக்குது.

உனக்குப் பதிலா நான் சுத்தறேன்டான்னு சொல்லிப் பாத்துட்டேன். அது உன் கணக்கு, இது என் கணக்குன்னுட்டான். குருக்கள்கிட்ட யாருக்கோ கேக்கற மாதிரி கேட்டேன். மனசார மன்னிப்புக் கேட்டு ஒரு அர்ச்சனை பண்ணச் சொல்லும்மா, அண்ணாமலையார் பெத்தவரு மாதிரி, கோச்சுக்க மாட்டாருன்னாரு. இவன் ஒத்துக்கிட்டாதானே. வாங்கும்போது கையை நீட்டி வாங்கிட்டு, குடுக்கும்போது பேரம் பேசுவியாக்கான்னு என்னைக் கேட்டான். சரியாதான கேட்டான்? சுத்தறதை நிறுத்தினா எடம் போயிடும்னு அவனுக்கு உள்ளுக்குள்ள பயம். சுத்தினாலும் எடம் போகப்போகுதுன்னு எனக்குப் பயம்.

நாளைக்கா? இல்ல மேடம், நாளைக்கு அவன் வரமாட்டான். அதைத் தைரியமா உங்க கோச்சுகிட்டச் சொல்லுங்க. இனிமே ஒரு ராத்திரியும் ரூமை விட்டுப் போக மாட்டான். குடியும் இல்ல கூத்தும் இல்ல, இதுதான் காரணம்னு சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை கடைசி வரைக்கும் அவனை ஆட விட்டுப் பாருங்கன்னு சொல்லுங்க.

காலையிலதான் அவனுக்குப் போன் போட்டேன். டேய், அந்த வேண்டுதல் முடிஞ்சு போச்சுடா, மூணு வருஷத்துக்குன்னுதான் வேண்டிக்கிட்டேன், போன மாசத்தோட சரியாப்போச்சு, நான்தான் கடை வேலையில மறந்துட்டேன்னு சொன்னேன். நிஜமாவாக்கான்னு கேட்டான். நிஜமாடான்னேன். ஒரு மூச்சு விட்டான் மேடம். அப்படி ஒரு மூச்சு. இத்தனை நாளா அதை எங்க வெச்சிருந்தான்னே தெரியல. அப்ப நாளைக்கு நல்லாத் தூங்குவேன்க்கான்னு சொல்லிட்டு வெச்சுட்டான்.

ஆமா மேடம், அதோட முடிஞ்சுது. நீங்க டிபன் சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க.

ஏன் என்னை அப்படிப் பாக்குறீங்க? இல்ல, மூணு வருஷம்னெல்லாம் நான் வேண்டிக்கல. அவன் ஆடற காலம் முழுக்கன்னுதான் வேண்டிக்கிட்டேன். வாய் விட்டுச் சொல்லல, மனசுக்குள்ள சொன்னது. எனக்கும் அண்ணாமலையாருக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்குத் தெரியும், அவன்கிட்டச் சொல்லிடாதீங்க. கேக்கறதா இருந்தா சாமி என்னைக் கேக்கட்டும், அவன் காலைக் கேக்க வேணாம். ஞாயித்துக்கெழமை அவன் ஜெயிச்சுட்டா போதும். தோத்துட்டான்னா இவங்க எல்லாரும் உக்காந்து அவன் மேல என்னா தப்புன்னு தேடுவாங்க. நான் சொன்ன பொய்யாலதான்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன், நீங்களே சொல்லுங்க.