ஐம்பத்தைந்து நிமிஷம்

— ஏழு பத்துக்குக் கிளம்பி எட்டு அஞ்சுக்கு இறங்கியிருக்கே. துவைக்கப் போட்டியே சட்டை, அதோட பையில டிக்கெட் இருந்துச்சு.

— அக்கா, அது வந்து...

— எதிர்வீட்டு டிராவல்ஸ்காரர்கிட்டயும் கேட்டுட்டேன். நேர் கோட்டுல முந்நூத்திப் பன்னெண்டு கிலோமீட்டராம். நேரா வர ஃபிளைட்டே காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு இருக்காம். அஞ்சு வருஷமா ஓடுதாம்.

— தெரியும்க்கா.

— தெரியுமா? என்கிட்ட என்ன சொன்னே? ரெண்டு ஃபிளைட் மாறணும், போக ஒரு நாள் வர ஒரு நாள், லீவு பத்தாதுன்னே. நானும் கேக்கறவங்ககிட்டல்லாம், பாவம், தம்பி ரொம்பத் தூரத்துல இருக்கான்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப நினைச்சா குமட்டுது.

— மெதுவா பேசுக்கா. அம்மா முழிச்சுட்டுதான் இருக்காங்க. கதவு வேற திறந்திருக்கு.

— கேக்கட்டும். முதல்ல அந்தக் கர்ச்சீப்பை மூக்குலேருந்து எடு. அம்மா படுக்கையில விழுந்து நாலு வருஷம் ஆச்சு. நான் இந்த வாடையிலதான் உக்காந்து சாப்பிடறேன்.

— பழக்கமில்லக்கா.

— எங்கேருந்து வரும்? துணைத் தலைமையாசிரியை வேலை வந்துச்சு எனக்கு, வெளியூர்ல. அம்மாவை யார் பாப்பான்னு வேணாம்னு எழுதிக் குடுத்தேன். போன மாசம் இவளைத் தூக்கறப்போ முதுகு பிடிச்சுக்கிச்சு. ரெண்டு பேரும் தரையில கிடந்தோம், மத்தியானம் சிலிண்டர் போட வந்தவர் தூக்கிவிடற வரைக்கும். மனுஷன் கையை மூணு தடவை சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போனாரு. நீ அம்பத்தஞ்சு நிமிஷத்துல இருந்திருக்கே.

— அன்னைக்குக்கூட டிக்கெட் போட்டேன்.

— வாயைத் திறக்காதே.

— நாலு வருஷத்துல ஒம்பது தடவை போட்டேன். இந்தா, போன்லயே இருக்கு பாரு. எல்லாம் கேன்சல் பண்ணினது.

— போட்டவன் எதுக்குக் கேன்சல் பண்ணினே?

— அம்மா வர வேணாம்னாங்க.

— தூ. எழுந்து உக்கார முடியாதவ மேல பழியைப் போடறியே, நீயெல்லாம் ஒரு பிள்ளையா?

— நிஜமாக்கா. ரெண்டு ஃபிளைட் கதையை உன்கிட்ட சொல்லச் சொன்னதும் அவங்கதான். நீ கடைக்குப் போற நேரமா பாத்து போன் பண்ணுவாங்க.

— வேணாம்னா அப்படியே விட்டுடுவியா?

— விட்டுட்டேன். உன்கிட்ட இன்னும் எதுக்குப் பொய் சொல்லணும்? வேணாம்னு சொன்னப்போ எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு.

— சீ.

— திட்டு. வாங்கிக்கறேன்.

— உன்னைத் திட்டவே வாய் கூசுது. இப்ப மட்டும் எப்படி வந்தே?

— இந்தத் தடவை அம்மாகிட்ட சொல்லாம வந்துட்டேன்.

— தள்ளு, நான் உள்ள போறேன். அம்மா, இவன் என்னமோ உளர்றான். சுவத்தைப் பாக்காதே, என்னைப் பாத்துச் சொல்லு.

— அவன் உளறலடி. நான்தான் வராதேன்னேன்.

— ஏம்மா?

— அவன் வந்து ஒரு வாரம் உக்காந்தா, நீ வெளியே போய் மூச்சு விட்டுப் பாத்துடுவே. அப்புறம் திரும்பி வர மாட்டேடி.