படத்தில் வராத தெற்குக் காற்று

புயல் வருதுன்னா என்ன செய்யணும்னு ஆபீசருங்க வரிசையா சொல்லிட்டாங்க. நான் அஞ்சாவதோட நின்னவ, எனக்கு வரிசையெல்லாம் வராது. ஒரு கதைதான் வரும். சின்னக் கதை... கேக்குறீங்களா?

எங்க ஊர்ல சிங்காரவேலுன்னு ஒருத்தர். முப்பது வருசமா கடலுக்குப் போறவரு. ஒரு புயலுக்கு ஊரே புயல் மண்டபத்துல அடைஞ்சு கிடந்தோம். காலை நேரம். வெளியில வடக்கேருந்து காத்து பேயா அடிக்குது. புள்ளைங்க அழுவுதுன்னு எம்பேத்தி அவ லேப்டாப்புல ஒரு படத்தைப் போட்டா. என்ன படம்? புயல் படம்! வெளியில ஒண்ணு பத்தாதுன்னு உள்ள ஒண்ணு.

சிங்காரவேலு விடுவாரா? முன்னால உக்காந்து படத்துல ஒவ்வொரு தப்பா பிடிக்கிறாரு. ஹீரோவுக்கு இடது கையில கட்டு... அடுத்த நிமிசம் வலது கையில. பனைமர உயரத்துக்கு அலை வந்து ஊரையே அள்ளிட்டுப் போவுது, கொடியில காயுற லுங்கி அப்படியே கிடக்குது. "இஞ்சினைத் தண்ணியிலேருந்து தூக்கி வச்சிருக்கான், ஆனாலும் போட்டு ஓடுது பாரு. பின்னாலேருந்து இவன் மாமனார் தள்ளுறாரா?"ன்னாரு. மண்டபமே சிரிச்சுது.

கடைசியில படத்துல காத்து பட்டுனு நின்னுச்சு. வெயிலடிச்சுது. ஹீரோ கதவைத் திறந்தான், எல்லாரும் வெளியில போய் ஆடுனாங்க. படம் முடிஞ்சுது.

கொஞ்ச நேரத்துல... எங்களுக்கும் காத்து நின்னுச்சு. வெயிலும் வந்துச்சு.

சிங்காரவேலு எழுந்துட்டாரு. கரையில அவரு போட்டு கிடக்கு, அதைப் பாக்கணும். அவரு பின்னால இன்னும் நாலு பேரு. காத்து நின்னதும் அடுப்பை வாசலுக்கு நகத்திட்டு அவரு சம்சாரம் நாகவல்லி உப்புமா கிண்டிக்கிட்டு இருந்துச்சு. எங்க கெளம்பிட்டீங்கன்னு கேட்டுச்சு. காத்துதான் நின்னுடுச்சே, படத்துலயும் இப்படித்தானே நின்னுச்சுன்னாரு இவரு.

"படத்துல காத்து எங்கேருந்து அடிச்சுது?"

"வடக்கேருந்து."

"தெக்கேருந்து?"

மனுசன் யோசிச்சாரு. "தெக்கேருந்து... அடிக்கல."

"அப்ப அவன் பாதிப் புயலைத்தான் படம் புடிச்சிருக்கான். இப்ப நாம புயலோட கண்ணுக்குள்ள நிக்கிறோம், அதான் காத்து இல்ல. மீதிப் பாதி இனிமேதான் வரணும். படம் எடுத்தவனுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குமா தெரியாது?"

நாலு பேரு பாக்குறாங்கல்ல, ஆம்பளை உடனே ஒத்துக்குவாரா? ஒரு எட்டு போய்ட்டு வந்துடுறேன்னாரு. நாகவல்லி சண்டை போடல. உப்புமாச் சட்டியை உள்ள இழுத்து வச்சு, கதவைச் சாத்தி, அதுல முதுகைக் குடுத்து உக்காந்துடுச்சு. தாராளமா போங்க, சாப்பிட்டுட்டுப் போங்கன்னு அஞ்சு தட்டு வச்சுது. ஒருத்தர் தட்டு காலியானா இன்னொரு கரண்டி. போதும்னா இன்னொரு கரண்டி.

மூணாவது கரண்டியில தெக்கேருந்து வந்துச்சு பாருங்க காத்து! அவரு போக இருந்த பாதையில ஒரு தகரக் கூரை கத்தி மாதிரி சீவிக்கிட்டுப் போச்சு. ஜன்னல் சந்துல நாங்க எல்லாருமே பாத்தோம்.

போட்டு போச்சு. சிங்காரவேலு இருக்காரு. இப்பவும் அந்தம்மாவோட சண்டை போட்டுக்கிட்டு நல்லா இருக்காரு.

இப்ப உங்களைக் கேக்குறேன்... தெக்குக் காத்து வரும்னு அந்த மனுசனுக்குத் தெரியாதா? அவங்கப்பாவுக்கே தெரியும். அத்தனை தப்பைப் பிடிச்சவரு அந்த ஒரு தப்பை மட்டும் ஏன் விட்டாரு?

அவருக்குப் போட்டைப் பாக்கப் போகணும். படம் 'போ'ன்னு சொல்லுச்சு. நமக்கு வேண்டியதை ஒருத்தன் சொன்னா, அவங்கிட்ட நாம தப்புப் பாக்க மாட்டோம்மா. நீங்களும் பாக்க மாட்டீங்க, நானும் பாக்க மாட்டேன்.

நாளைக்கு உங்க போனுக்கும் சேதி வரும். 'ஆபத்து நீங்கிடுச்சு, வீட்டுக்குப் போகலாம்'னு. படிச்சதும் மனசு குளிரும். குளிருதுல்ல... அங்க நில்லுங்க. யாரு அனுப்புனா, எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க. பிடிக்காத சேதியை நாம தானாவே பத்துத் தரம் சோதிப்போம். பிடிச்ச சேதியைத்தாம்மா உக்கார வச்சு விசாரிக்கணும்.