காலிக் கொக்கி

காபியை முதலில் குடியுங்கள், ஆறிப்போனால் நன்றாயிராது. பட்டை போட்ட பன் நேற்றுச் சுட்டது, இப்போதுதான் சூடு காட்டினேன். இரண்டு கூடுதலாகவே இருக்கும். விபெகாவுக்கும் சேர்த்துச் செய்து கை பழகிவிட்டது.

நீங்கள் கேட்டது அந்தக் குளியல் அங்கியைப் பற்றி. துணி துவைக்கும் அறையில் தொங்குவது அவளுடையதுதான். சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பனிக்காலத்திலும் கடலில் முங்குகிறவர்களுக்கு ஒரு குளியல் சங்கம் உண்டு, அதில் இடம் கிடைக்க ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கிடைத்தபின் யாரும் விலகுவதில்லை. விலகினால், அவளுக்கு உடம்புக்கு ஏதோ என்று வேலிக்கு வேலி பேச்சு ஓடும். என் கணவர் மோன்ஸ் இறந்த சமயம், பக்கத்து வீட்டு விபெகா தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. எனக்குக் குளிர்ந்த தண்ணீர் என்றைக்குமே பிடித்ததில்லை.

அதன்பின் ஒவ்வொரு நாளும் விடியுமுன் வாசல் மணி அடிக்கும்.

"எல்ஸே, இன்னும் போர்வைக்குள்ளதான் கெடக்கியா? கடல் காத்துக்கிட்டிருக்குடி."

"இருமலா இருக்கு, விபெகா."

"இருமலுக்கு மருந்தே அதுதான். வா, வா. நீ இல்லாம நான் மட்டும் போனா, நமக்குள்ள சண்டைன்னு ஊரே சொல்லும்."

போவேன். தொடை மரத்துப்போக இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவேன். பிறகு நீராவி அறையில் உட்கார்ந்து கடலுக்கு அக்கரையில் ஸ்வீடன் பக்கத்து விளக்குகளைப் பார்த்தபடி அவள் பேசுவதைக் கேட்பேன். நல்ல மனுஷி. நான் படுத்துவிட்டால் சூப் கொண்டுவருவாள். அதைக் குடித்து முடிக்கும்வரை கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

இலையுதிர் காலத்தில் ஓடென்ஸெ நகரத்தில், என் மகள் வீட்டுக்கு அருகே ஒரு சின்ன அடுக்ககம் பார்த்தேன். இந்த வீட்டை விற்க ஏற்பாடாகிவிட்டது. விபெகாவிடம் சொன்னபோது அவள் எந்தக் கட்டடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். எனக்கு ஆச்சரியம்தான். அந்தச் சில வாரங்கள் நன்றாகத் தூங்கினேன்.

நீங்கள் கேட்கும் அந்த நாளில், பலத்த காற்று வரும் என்று வானிலையில் சொல்லியிருந்ததால், நாங்கள் குளிக்கும் மரத் துறையில் வேறு யாரும் இல்லை. நான் முங்கி ஏறிவிட்டேன். அவள் எப்போதும்போல் கடைசித் தூண்வரை நீந்தப் போகுமுன், தண்ணீருக்குள் ஏணியடியில் நின்று சிரித்தாள்.

"உனக்கு ஒரு சேதி வெச்சிருக்கேன். அந்த ஓடென்ஸெ கட்டடத்துல, உன் வீட்டுக்கு நேர் மேல் வீடு காலியாம். முன்பணம் கட்டிட்டேன். அங்கேயும் குளிக்கிற துறை இருக்காம்டி, விசாரிச்சிட்டேன்."

"அப்படியா," என்றேன்.

அவள் நீந்திப் போனாள்.

எங்கள் சங்கத்தில் இரண்டு வழக்கங்கள். அங்கி கொக்கியில் தொங்கினால் ஆள் இன்னும் தண்ணீரில் இருக்கிறார் என்று அர்த்தம். கடைசியாக ஏறுகிறவர் ஏணியைக் கயிற்றால் மேலே இழுத்து மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் அலை அடித்து உடைத்துவிடும். அது சுலபமான கயிறு, என் வயதுக்காரியும் இழுக்கலாம். இழுத்து மாட்டினேன். அவள் அங்கியை எடுத்து என் அங்கியின்மேல் போட்டுக்கொண்டேன். இதமாக இருந்தது.

"எல்ஸே, ஏணி எங்கடி?" என்று கீழேயிருந்து கேட்டாள். "உனக்கும் விளையாட்டு வருதா?" சிரித்தாள். பிறகு, "எல்ஸே, கை பிடிக்க மாட்டேங்குது," என்றாள். அந்தத் துறை கடலுக்குள் நீளமாகப் போகிறது, கரை அவ்வளவு கிட்டே இல்லை. காற்றும் பலமாக இருந்தது.

நான் கரைக்கு நடந்து வந்தபோது, துறையின் கதவருகே சங்கத்துக் காவலாளி ஊவ வந்தார்.

"எல்லாரும் ஏறியாச்சா, எல்ஸே அம்மா?"

"நீங்களே பாருங்களேன்."

பார்த்தார். கொக்கிகள் காலி. ஏணி மேலே. கதவைப் பூட்டிவிட்டு, "இந்தக் காத்துல எப்படித்தான் எறங்குறீங்களோ," என்றார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊவவைக் குறை சொல்லாதீர்கள், வழக்கப்படிதான் செய்தார்.

வீட்டுக்கு வந்து அங்கியைத் துவைத்துப் போட்டேன். உப்பு நின்றால் துணி பாழாகிவிடும்.

ஆமாம், நான்தான் செய்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நடுவே நீங்கள் ஒன்று கேட்டீர்களே, பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று. அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு விபெகாவைத் தெரியாது, மெல்லிய மனசுக்காரி. அப்படி ஒரு வார்த்தையை நேருக்கு நேர் கேட்டால் அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும்.