ஏழாவது தடவையும் திறந்த வால்வு

சூளகிரியில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனிச் சீருடை. ஓசூர் பேருந்து நகர்ந்ததும் மூத்தவள் சொன்னாள்:

"நேத்து என் வால்வு ஏழாவது தடவையும் தொறந்து மூடிடுச்சுடி."

"எந்த வால்வுக்கா?"

"சாட்டிலைட்டு இஞ்சின்ல நம்ம செக்சன் செஞ்சது. ராக்கெட்டு அதைக் கீழ்ச்சுத்துலயே வுட்டுட்டுப் போயிடும். அப்புறம் அதுவே இஞ்சின் போட்டு, கொஞ்சங்கொஞ்சமா மேல ஏறணும். நேத்தோட உச்சிக்குப் போயிடுச்சு."

"வால்வு நடுவுல மூடாம சிக்கியிருந்தா?"

"எரிபொருள் ஒழுகி, பாதியிலயே நின்னுருக்கும்."

"நீ செக்கிங்ல மூணு தடவை திருப்பி அனுப்பினியே, அதுவா?"

"அதேதான். உள்ள மயிரிழை மாதிரி பிசிறு. வேணும்னே லேட்டு பண்றேன்னு இன்சார்ஜ் மெமோ குடுத்தான். குடுத்து ஒன்றரை வருசமாச்சு, விசாரணை இன்னிக்கு. வேலையே போயிருமோன்னு இருந்தேன்."

அலுவலகங்களின் இந்த வேகம் எனக்குப் பழக்கமானது.

"இப்ப?"

"காலைல அவனே போன் பண்றான். 'மெமோவைத் திருப்பிக் குடுத்துரும்மா, கிழிச்சுப் போட்டுரலாம்'கிறான். முடியாது சார், நேத்து சாயங்காலமே விளக்கம் எழுதிக் குடுத்தாச்சு, விசாரணை நடக்கட்டும்னுட்டேன்."

விளக்கம் வந்த மெமோவைக் கிழிக்க எந்த விதியிலும் இடமில்லை. தொழிலாளர் துறையில் இருந்தபோது அந்த விதிகளை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

"என்னக்கா எழுதினே?"

"'வால்வு மேல நல்லா வேலை செய்யுது. என் மேல சந்தேகம் இருந்தா, இன்சார்ஜ் நேர்ல போய்ப் பாத்துட்டு வரட்டும்.'"