பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு

சுறாவை வெந்நீரில் முக்கி எடுத்தால்தான் தோலின் மணல் போகும், சார். என் தங்கை லேகாவுக்குப் புட்டு வைத்த அன்றும் அப்படித்தான் செய்தேன்.

பாறசாலையில் ஒரு பாரலல் காலேஜில் பிரீடிகிரிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். கொம்பன் சுறா என்றால் எனக்குத் தனிப் பிரியம். சுத்தியல் போன்ற தலை, இரண்டு ஓரத்திலும் கண். மேலே, கீழே, பின்னால் எல்லாம் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது மட்டும் தெரியாது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அம்மா போனபின் லேகாவை வளர்த்தது நான். அவள் மாப்பிள்ளை லீவு முடிந்து துபாய்க்குப் போனதுமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்; பேறுகாலமும் இங்கேதான். எனக்குப் பிள்ளை இல்லை. தொட்டில் கட்டியதும் நான்தான்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் ராஜப்பன் தொட்டிலுக்குள் குனிந்து, "அச்சன் வந்நு மோளே" என்றார். எங்கள் பக்கம் பாதிப் பேச்சு மலையாளம். அச்சன் என்றால் அப்பா. பெரியப்பா என்றால் வல்யச்சன். அந்த 'வல்ய'வை அவர் விழுங்கிவிட்டார். வாய் தவறியது என்றுதான் நினைத்திருப்பேன். ஆனால் லேகாவின் முகம் வெளுத்தது.

அவர் வெளியே போனதும் கேட்டேன். "மக்கா, இது யாருக்க பிள்ளை?"

"அத்தானுக்க பிள்ளை ஆக்கும்" என்றாள். "அக்கா எப்பளும் புத்தகத்திலயே கிடந்தா, வீட்டில நடக்கியது எப்பிடித் தெரியும்?"

அவர் செய்தது அசிங்கம். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் கையால் சோறு தின்று வளர்ந்தவள் செய்ததுதான் நெஞ்சை அறுத்தது.

சுறா தின்றால் தாய்ப்பால் ஊறும் என்று இங்கே நம்புகிறார்கள். மீனுக்கு ஏது பால்? கொம்பன் முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும். அதைப் பார்த்து யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. ஆனால் ஒரு வசதி உண்டு. அந்தப் புட்டில் பிள்ளை பெற்றவளைத் தவிர யாரும் கைவைக்க மாட்டார்கள். வேறு ஒருவருக்கும் தீங்கு வரக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

உதியன்குளங்கரைச் சந்தையில் மீன்காரி புஷ்பபாய் கொம்பன் குட்டிகள் வைத்திருந்தாள். ஈன்ற புதிது; கொம்பு பின்னால் மடங்கியே இருந்தது. தாயைக் கிழிக்காமல் வெளியே வர அப்படி ஓர் ஏற்பாடு.

"தங்கச்சிக்கா டீச்சரே? நல்லா பால் வரும், கொண்டு போங்க" என்றாள்.

உரித்து, உதிர்த்து, பூண்டும் நல்லமிளகும் கூட்டி வதக்கினேன். வேலியோரத்து விஷக்காயான ஒதளங்காயையும் சேர்த்தேன். லேகா கேட்டு வாங்கித் தின்றாள். பிறகு பிள்ளையை மாரோடு அணைத்துப் படுத்துக்கொண்டாள். நான் பாத்திரம் கழுவினேன்.

லேகாவைக் கொன்றது நான்தான், சார். ஆனால் இரண்டு கொலை என்று எழுதியிருக்கிறீர்கள், அது தப்பு. பிள்ளைக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை. அது அவள் பாலைத்தான் குடித்தது.